அதிக சூட்டில் பிராசஸர் கருகுமா? கடைக்காரர் மாற்றச் சொல்கிறார்

ரீல்பெட்டி

வணக்கம் நண்பர்களே. கரூர் பக்கம் கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிறேன். வைகாசி முகூர்த்தங்கள் முடிந்து வேலை குவிந்து கிடக்கிறது, இந்த நேரம் பார்த்து கம்ப்யூட்டர் படுத்தி எடுக்கிறது. எட்டு கோர் பிராசஸர், பெட்டியில் 65 வாட் என்று போட்டிருந்தது. விலை குறைவான மதர்போர்டு, 550 வாட் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை). டைம்லைனில் வெட்டி ஒட்டும்வரை ஒரு தொந்தரவும் இல்லை. முழு வீடியோவையும் எக்ஸ்போர்ட் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போனால், திரும்பி வருவதற்குள் மெஷின் அணைந்து கிடக்கும். ப்ளூ ஸ்கிரீன் கிடையாது, எர்ரர் கிடையாது. உடனே பட்டனை அழுத்தினால் அசையாது, கொஞ்ச நேரம் விட்டு அழுத்தினால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஆன் ஆகும்.

கடையில் காட்டினேன். திறந்துகூடப் பார்க்கவில்லை, "ஹீட்டுல பிராசஸர் அடி வாங்கிடுச்சு, உள்ள கருகியிருக்கும், புதுசு போட்டாத்தான் சரியாகும்" என்கிறார்கள். போன வருஷம் இதே கடையில்தான் சூடு குறையும் என்று சொல்லி வாட்டர் கூலர் மாட்டினார்கள். அப்புறமும் எப்படிக் கருகும்? பிராசஸர் சூட்டில் உண்மையிலேயே கெட்டுப்போகுமா, இல்லை என் தலையில் மிளகாய் அரைக்கிறார்களா?

கேள்விக்குறி

மிளகாய்தான். இன்றைய பிராசஸர் எதுவும் சூட்டால் சாகாது. 100 டிகிரியைத் தொட்டால் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அதையும் மீறினால் தானே அணைந்துவிடும். சிலிக்கான் உருக 1414 டிகிரி வேண்டும். சூட்டைக் காட்டி பயமுறுத்துவது சர்வீஸ் கடைகளின் பழைய பாட்டு. பணத்தைப் பத்திரமாக வையுங்கள்.

பழையஇரும்பு

கேள்விக்குறி தம்பி, "எதுவும்" என்று ஒரேயடியாக அடிக்காதே. ரிச்சி ஸ்ட்ரீட்டில் உதிரி வாங்கி அசெம்பிள் செய்துகொண்டிருந்த காலத்து ஆள் நான். ஏஎம்டி கம்பெனியின் அத்லான் என்று ஒரு பிராசஸர் வந்தது, தண்டர்பேர்டு என்று பெயர். தலையில் உலோக மூடி கிடையாது. நீல நிறச் சிலிக்கான் துண்டு நகம் அளவுக்கு அப்படியே வெளியே தெரியும், நான்கு மூலைக்கு நான்கு ரப்பர் பொட்டு. அதன்மேல் ஹீட்சிங்கை, அதாவது சூட்டை இழுத்து வெளியேற்றும் உலோகத் தகட்டை, வைத்து, கிளிப்பை ஸ்க்ரூ டிரைவரால் அழுத்தி சாக்கெட் கொக்கியில் மாட்ட வேண்டும். கை வழுக்கினால் மதர்போர்டில் கீறல், சாய்த்து அழுத்தினால் சிலிக்கானின் மூலை பெயர்ந்து வரும். எல்லாம் ஒழுங்காக மாட்டி ஃபேன் வயரைச் செருக மறந்தாலோ, ஹீட்சிங்க் சரியாக உட்காராமல் ஆன் செய்தாலோ அவ்வளவுதான்.

2001 செப்டம்பரில் டாம்ஸ் ஹார்டுவேர் என்ற ரிவ்யூ இணையதளக்காரர்கள் ஒரு வீடியோ போட்டார்கள், அந்தக் காலத்து ஆட்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டரிலிருந்து ஹீட்சிங்கைக் கழற்றினார்கள். இன்டெல்லின் பென்டியம் 4 வேகத்தைக் குறைத்துக்கொண்டு ஓடிக்கொண்டே இருந்தது. பென்டியம் 3 அப்படியே உறைந்து நின்றது, ஹீட்சிங்கைத் திரும்ப வைத்து ஆன் செய்தால் பிழைத்துக்கொண்டது. 1.4 கிகாஹெர்ட்ஸ் அத்லான் ஒன்றிரண்டு விநாடியில் புகைந்தது. 300 டிகிரிக்கு மேல் போனதாக அளந்து காட்டினார்கள். ஆக, சூட்டில் பிராசஸர் கருகும். நம் கண்ணால் பார்த்திருக்கிறோம்.

கேள்விக்குறி

அண்ணே, அது 2001. நான் "இன்றைய பிராசஸர்" என்றுதான் எழுதினேன். தண்டர்பேர்டில் சூட்டை அளக்கும் சென்சாரே உள்ளே கிடையாது.

பழையஇரும்பு

சரி, ஒத்துக்கொள்கிறேன். அதற்கு அடுத்து வந்த பாலோமினோவில் சென்சார் டயோடு வைத்தார்கள், ஆனால் அதைப் படித்து மின்சாரத்தை நிறுத்த வேண்டிய வேலை மதர்போர்டுடையது. பல போர்டு கண்டுகொள்ளவே இல்லை, அந்த வீடியோவில் அதுவும் சேர்ந்துதான் செத்தது. காவல்காரனை பிராசஸருக்குள்ளேயே உட்கார வைத்ததுதான் பென்டியம் 4 செய்த ஒரே நல்ல காரியம். மற்றபடி பென்டியம் 4இல் பின்னால் வந்த அந்த பிரெஸ்காட் அடித்த அனலை என்னவென்று சொல்ல!

ஓம்விதி

இரண்டு பேரும் சொல்வது சரிதான், ஆனால் ரீல்பெட்டியின் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. முதலில் அவர் மெஷினைப் பார்ப்போம், பொதுக் கேள்விக்கு அப்புறம் வருகிறேன்.

பிராசஸர் சூடானால் நடப்பதில் ஒரு வரிசை இருக்கிறது. இன்டெல்லில் பெரும்பாலும் 100 டிகிரி, ஏஎம்டியின் ரைசன் 7000 வகையில் 95, எக்ஸ்3டி வகையில் 89 என்று ஒரு மேல்வரம்பு உண்டு. அதைத் தொட்டதும் முதலில் குறைவது வேகமும் வோல்டேஜும். 4.5 கிகாஹெர்ட்ஸில் ஓடியது 3, 2 என்று இறங்கும். எக்ஸ்போர்ட் நேரம் இழுக்கும், ஃபேன் கத்தும், ஆனால் மெஷின் அணையாது. அப்படி இறங்கியும் சூடு ஏறிக்கொண்டே போய், வரம்பைவிட இன்னும் 20, 30 டிகிரி தாண்டினால்தான் பிராசஸர் ஒரு பின்னில் சிக்னல் கொடுத்து மொத்த மின்சாரத்தையும் வெட்டச் சொல்லும். கூலர் மாட்டியிருக்கும் கம்ப்யூட்டர் அந்தக் கட்டம்வரை போவது அபூர்வம். கூலர் கழன்று தொங்க வேண்டும், அல்லது வாட்டர் கூலரில் பம்ப் நின்றிருக்க வேண்டும்.

அதனால் எனக்கு முதலில் தெரிய வேண்டியது, அணைவதற்கு முன்னால் வேகம் குறைந்ததா இல்லையா என்பது. ஹெச்டபிள்யூஇன்ஃபோ என்று ஓர் இலவச மென்பொருள் இருக்கிறது. சென்சார் பக்கத்தைத் திறந்து, கீழே லாக் பட்டனை அழுத்தி, ஃபைலில் எழுத விட்டுவிட்டு எக்ஸ்போர்ட்டை ஓட்டுங்கள். அணைந்ததும் திரும்ப ஆன் செய்து அந்த ஃபைலின் கடைசி வரியை இங்கே எழுதுங்கள். பிராசஸர் சூடு, கோர் வேகம், எத்தனை வாட், அப்புறம் விஆர்எம் அல்லது மாஸ் என்று ஏதாவது சென்சார் தெரிந்தால் அதுவும்.

வடமராட்சியான்

எனக்கு இது பவர் சப்ளை மாதிரித்தான் படுகுது. நான் யாழ்ப்பாணத்தில் திருத்த வேலை செய்கிற ஆள். 2022 இல் மின்வெட்டு ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம்வரை போன காலத்தில், சனம் ஜெனரேட்டரிலும் இன்வேர்ட்டரிலும் கொம்பியூட்டரை ஓட்டினார்கள். அதுக்குப் பிறகு என்னிடம் வந்த மெஷின்களில் அதிகம் பழுதாய் இருந்தது பவர் சப்ளைதான், புரொசெசர் பழுதான மெஷின் கைவிரல் விட்டு எண்ணலாம். மலிவான சப்ளையில் 550 வாட் என்று ஒட்டியிருப்பார்கள், அது 25 பாகையில் கணக்குப் பார்த்த எண்ணாய் இருக்கும். பெட்டிக்குள் 45, 50 பாகை வந்தால் அவ்வளவு தராது. சூடு கூடினால் தானே நிற்கும், ஆறினால் திரும்ப வரும். உங்கட கதையும் அதே கதைதானே? ஒருக்கா வேறு நல்ல சப்ளை ஒன்றை இரவல் வாங்கிப் போட்டுப் பாருங்கோ.

ரீல்பெட்டி

ஓம்விதி அண்ணா, லாக் எடுத்துவிட்டேன். கடைசி வரி: பிராசஸர் 72 டிகிரி, எல்லா கோரும் 4.5 கிகாஹெர்ட்ஸ் பக்கம், 158 வாட், விஆர்எம் மாஸ் 121 டிகிரி. அதற்கு மேல் ஃபைல் வெறுமை.

விஆர்எம் மட்டும் ஆரம்பத்தில் 50 பக்கம் இருந்து நிற்காமல் ஏறியிருக்கிறது. 65 வாட் பிராசஸர் எப்படி 158 வாட் இழுக்கிறது என்றும் புரியவில்லை.

ஓம்விதி

பிராசஸர் வழக்கு இங்கேயே முடிந்தது. 72 டிகிரியில், முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போது அணைந்திருக்கிறது. சூட்டைக் கண்டு அது ஒரு மெகாஹெர்ட்ஸ்கூட இறங்கவில்லை. கருகியது, வெந்தது எல்லாம் கடைக்காரரின் கற்பனை.

121 டிகிரியைப் பாருங்கள். எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வருவது 12 வோல்ட். பிராசஸருக்கு வேண்டியது ஒரு வோல்ட்டுக்குக் கொஞ்சம் கூட. அந்த மாற்றத்தைச் செய்வது சாக்கெட்டைச் சுற்றி வரிசையாக இருக்கும் மாஸ்ஃபெட்களும் (மின்சாரத்தை வேகமாகத் திறந்து மூடும் சில்லுகள்) காயில்களும், அந்தக் கூட்டத்துக்குத்தான் விஆர்எம் என்று பெயர். 158 வாட்டை ஒரு வோல்ட் சொச்சத்தில் கொடுக்க வேண்டுமென்றால் நூறு ஆம்பியருக்கு மேல் ஓட வேண்டும். மாற்றும்போது பத்தில் ஒரு பங்கு வீணானாலும் 15 வாட்டுக்கு மேல் வெறும் சூடாக அந்தச் சின்னக் கறுப்புச் சில்லுகளிலேயே தங்கும். விலை குறைந்த போர்டில் அதன்மேல் ஹீட்சிங்க் இருக்காது.

இப்போது அந்த வாட்டர் கூலருக்கு வாருங்கள். பிராசஸரோடு பெட்டியில் வரும் சாதாரண கூலர், காற்றை மேலிருந்து கீழே போர்டின்மீது ஊதும். பிராசஸரைத் தாண்டிச் சிதறும் காற்று பக்கத்திலிருக்கும் விஆர்எம்மையும் ஆற்றும். யாரும் அதற்காகத் தனியாகத் திட்டமிட்டு வைத்ததாகச் சொல்வதில்லை, ஆனால் மலிவு போர்டுகள் அந்தக் காற்றை நம்பித்தான் பிழைப்பு நடத்துகின்றன. வாட்டர் கூலர் மாட்டியதும் பிராசஸர்மேல் பம்ப் மட்டும் உட்கார்ந்தது, ஃபேன் எல்லாம் பெட்டியின் சுவருக்குப் போய்விட்டது. பிராசஸர் குளிர்ந்தது, குளிர்ந்ததால் இறங்காமல் முழு வேகத்தில் இன்னும் அதிக வாட் இழுத்தது, அதைக் கொடுக்கிற விஆர்எம் காற்றே இல்லாமல் வெந்தது, அந்தச் சூட்டில்தான் மெஷின் அணைந்தது.

பக்கத்துப் பலகையைக் கழற்றி, டேபிள் ஃபேனை சாக்கெட் பக்கம் பார்த்து முழு வேகத்தில் வைத்து அதே எக்ஸ்போர்ட்டை ஓட்டுங்கள். அணையாமல் முடிந்தால் சந்தேகமே வேண்டாம். எஸ்எம்பிஎஸ்தான் காரணம் என்றால் அதற்குத் தனிக் கூடும் தனி ஃபேனும் இருப்பதால் டேபிள் ஃபேன் பெரிதாக உதவாது. வடமராட்சியான் சொன்னதும் நியாயமான சந்தேகம்தான், லாக் இல்லாமல் இருந்திருந்தால் நானும் முதலில் அதைத்தான் மாற்றிப் பார்த்திருப்பேன்.

65 வாட் பற்றி: அது நீண்ட நேர சராசரிக்குத் தயாரிப்பாளர் சொல்லும் எண். பல போர்டுகள் பயாஸில் (போர்டின் அடிப்படை செட்டிங்) அந்த எல்லையை எடுத்துவிட்டு 4095 வாட் என்று வைத்து அனுப்புகின்றன, அதாவது எல்லையே இல்லை. ரிவ்யூவில் இரண்டு சதவீதம் வேகமாகத் தெரிவதற்காக.

பழையஇரும்பு

பக்கத்துப் பலகையைத் திறந்து வைத்தால் பரிசோதனை முடிந்ததும் மறக்காமல் மூடு தம்பி. திறந்த கேபினெட்டில் பல்லி குடியேறி, எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் போய் ஒட்டிக்கொண்டு, தானும் செத்து மெஷினையும் சாகடித்த கதைகள் என்னிடம் உண்டு.

ரீல்பெட்டி

டேபிள் ஃபேன் வைத்து ஓட்டினேன், முழு கல்யாணமும் எக்ஸ்போர்ட் ஆகிவிட்டது. விஆர்எம் 88ஐத் தாண்டவில்லை.

டார்ச் அடித்துப் பார்த்தேன். சாக்கெட்டுக்கு மேலே கறுப்புச் சில்லுகள் வரிசையாக இருக்கின்றன, மேலே எதுவும் ஒட்டவில்லை, மொட்டையாக. அவற்றுக்குக் கீழே போர்டின் நிறமே மாறி டீக்கறை மாதிரி பழுப்பாக இருக்கிறது. பக்கத்தில் உயரமாக நிற்கும் உருளைகளில் ஒன்று மட்டும் தலை லேசாக உப்பின மாதிரி தெரிகிறது. மற்றவை தட்டையாகத்தான் இருக்கின்றன.

ஓம்விதி

அந்த உருளைதான் கபாசிட்டர். தலை உப்பியிருந்தால் உள்ளே இருக்கும் திரவம் ஆவியாகி வாயு சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம். கபாசிட்டரின் பக்கத்தில் 105 டிகிரி என்று அச்சடித்திருக்கும். அந்தச் சூட்டில் இரண்டாயிரம் மணி நேரமோ ஐயாயிரம் மணி நேரமோ தாங்கும் என்று உத்தரவாதம். ஒவ்வொரு 10 டிகிரி குறைவுக்கும் ஆயுள் இரட்டிப்பாகும் என்பது எலெக்ட்ரானிக்ஸ்காரர்கள் கைக்கணக்கு. 121 டிகிரியில் கொதிக்கிற மாஸ்ஃபெட்டுக்குப் பக்கத்திலேயே நிற்கிற கபாசிட்டருக்கு அந்தக் கணக்கு எதிர்ப்பக்கமாக ஓடும்.

உங்கள் மெஷினில் சூடு கெடுத்திருப்பது போர்டைத்தான். அந்த ஒரு கபாசிட்டரை மாற்ற நல்ல சால்டரிங் ஆளுக்கு அரை மணி வேலை. அதே மதிப்பு, அதே அல்லது கூடுதல் வோல்டேஜ், 105 டிகிரி வகை, லோ இஎஸ்ஆர் (உள்தடை குறைந்தது) என்று கேட்டு வாங்கச் சொல்லுங்கள். அப்புறம் மாஸ்ஃபெட்டுகளின்மேல் ஒட்டுகிற சின்ன அலுமினிய ஹீட்சிங்க் தெர்மல் டேப்போடு கிடைக்கும், விலை பெரிதில்லை. ஒட்டும்போது சில்லின் மேல்முகத்தில் மட்டும் உட்காரட்டும், பக்கத்துக் கால்களைத் தொட்டால் ஷார்ட்.

பயாஸில் லாங் டியூரேஷன் பவர் லிமிட் என்பதைத் தேடி 95 வாட் வையுங்கள், ஷார்ட் டியூரேஷனையும் 120க்குள் அடக்குங்கள். எக்ஸ்போர்ட் கொஞ்சம் மெதுவாகும், ஆனால் நீங்கள் நினைக்கிற அளவுக்கு இல்லை. கடைசி சில நூறு மெகாஹெர்ட்ஸுக்காகத்தான் இந்தச் சில்லுகள் அநியாயத்துக்கு வாட் குடிக்கின்றன.

கேள்விக்குறி

நான் முதலிலேயே சொன்னேன், பிராசஸர் சாகாது என்று. கபாசிட்டர், மாஸ்ஃபெட், பல்லி எல்லாம் சாகும்.

ஓம்விதி

கேள்விக்குறி, ரீல்பெட்டியின் பிராசஸர் சாகவில்லை என்பது சரி. அதிலிருந்து "எந்தப் பிராசஸரும் சூட்டால் கெடாது" என்று தாவுவதைத்தான் ஏற்க முடியவில்லை. சிலிக்கான் 1414 டிகிரியில் உருகும் என்றீர்கள். கெடுவதற்கு எதுவும் உருக வேண்டியதில்லை.

சில்லுக்குள் டிரான்சிஸ்டர்களை இணைக்கும் தாமிரக் கம்பிகள் மயிரிழையைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் மெல்லியவை. அதில் ஓடும் எலெக்ட்ரான்கள் தாமிர அணுக்களைக் கொஞ்சங் கொஞ்சமாகத் தள்ளிக்கொண்டு போகும். காவிரியில் வெள்ளம் ஓரிடத்தில் மணலை அரித்து இன்னோரிடத்தில் திட்டுக் கட்டுமே, அந்த வேலைதான். அரித்த இடத்தில் கம்பி அறுந்துபோகலாம், குவிந்த இடத்தில் பக்கத்துக் கம்பியைத் தொட்டுவிடலாம். எலெக்ட்ரோமைகிரேஷன் என்று பெயர். 1969ல் ஜேம்ஸ் பிளாக் என்பவர் இதற்கு ஒரு சூத்திரம் கொடுத்தார், இன்றும் அதை வைத்துத்தான் ஆயுள் கணக்குப் போடுகிறார்கள். மின்னோட்ட அடர்த்தி ஏறினால் ஆயுள் அதன் வர்க்கத்துக்கு (ஸ்கொயர்) ஏற்பக் குறையும். வெப்பநிலையோ அடுக்குக்குறியில் உட்கார்ந்திருக்கிறது, அதனால் 70க்கும் 100க்கும் நடுவே இருக்கிற வித்தியாசம் பார்வைக்குத் தெரிவதைவிட மிகப் பெரியது.

இன்னொன்று, டிரான்சிஸ்டரை ஆன், ஆஃப் செய்யும் 'கேட்' முனைக்கு அடியில் இருக்கும் மெல்லிய படலத்தில் மின்னூட்டம் சிக்கிக்கொள்வது. சூடும் வோல்டேஜும் சேர்ந்தால் வேகமாக நடக்கும், ஓய்வு கொடுத்தால் ஒரு பகுதி திரும்பும், மீதி தங்கிவிடும். தங்கத் தங்க அந்த டிரான்சிஸ்டர் ஆன் ஆவதற்குக் கூடுதல் வோல்டேஜ் கேட்கும். நேற்று 1.2 வோல்ட்டில் 5 கிகாஹெர்ட்ஸ் ஓடிய சில்லு நாளைக்கு அதே வோல்ட்டில் தடுமாறும். தயாரிப்பாளர்கள் இதற்கெல்லாம் சேர்த்து ஒரு இடைவெளி விட்டுத்தான் விற்கிறார்கள். சாதாரணமாகப் பயன்படுத்தினால் அந்த இடைவெளி தீருவதற்குள் மெஷினே பழசாகி எடைக்குப் போய்விடும். அதனால்தான் உங்களுக்குச் சாகவே சாகாது என்று தோன்றுகிறது.

கேள்விக்குறி

புத்தகக் கணக்கு இது. நடைமுறையில் அப்படிக் கெட்ட ஒரு பிராசஸரைக் காட்டுங்கள். கடையில் ஒருவர் சொன்னார், மாமா சொன்னார் என்று வேண்டாம்.

ஓம்விதி

இன்டெல் 13, 14ஆம் தலைமுறை. ஐ9 13900கே, 14900கே போன்றவை.

கேள்விக்குறி

அது வோல்டேஜ் பிரச்சினை என்று இன்டெல்லே சொல்லிவிட்டது. பிராசஸருக்குள் ஓடும் அடிப்படை மென்பொருளான மைக்ரோகோடில் 0எக்ஸ்129 பதிப்பு வந்ததும் 1.55 வோல்ட்டுக்கு மேல் கேட்காமல் தடுத்தார்கள். சூட்டுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

ஓம்விதி

வோல்டேஜ்தான் முதல் குற்றவாளி, மறுக்கவில்லை. ஆனால் 2024 செப்டம்பரில் இன்டெல் வெளியிட்ட விளக்கத்தைக் கடைசிவரை படியுங்கள். கோருக்குள் நேரத் துடிப்பைப் பகிர்ந்து கொடுக்கும் கிளாக் ட்ரீ சர்க்யூட் ஒன்று, உயர்ந்த வோல்டேஜிலும் வெப்பநிலையிலும் சீக்கிரம் முதுமையடைகிறது என்று இரண்டையும் சேர்த்தேதான் சொன்னார்கள். காரணங்களாக நான்கு சூழ்நிலை சொன்னதில் ஒன்று, அதிக வெப்பநிலையில்கூட ஐ9 சில்லுகள் உச்ச வேகத்தில் ஓட மைக்ரோகோட் அனுமதித்தது. 70 டிகிரிக்குக் கீழே மட்டும் கொடுக்க வேண்டிய கூடுதல் வேகம் அது. இன்னொன்று, போர்டுகள் இன்டெல் பரிந்துரைத்த எல்லையைத் தாண்டி மின்சாரம் கொடுத்தது. ரீல்பெட்டியின் 4095 வாட் கதைதான். கெட்ட சில்லைச் சரிசெய்ய வழி இல்லை, மைக்ரோகோட் இனிமேல் கெடாமல் பார்த்துக்கொள்ளும், அவ்வளவே. அதனால்தான் வாரண்டியை இரண்டு வருஷம் நீட்டி ஐந்து ஆக்கினார்கள்.

அந்தச் சில்லுகள் எப்படிக் கெட்டன என்பதையும் கவனிக்க வேண்டும். புகை வரவில்லை, மெஷின் அணையவில்லை. கேம் திறக்கும்போது "வீடியோ மெமரி போதவில்லை" என்று எர்ரர் வந்தது. கிராபிக்ஸ் கார்டில் தாராளமாக மெமரி இருந்தும் வந்தது. ஷேடர்களை (கேமின் காட்சியை வரையும் சின்ன புரோகிராம்கள்) விரிக்கும் கணக்கைப் பிராசஸர் தப்பாகப் போட்டதால் வந்த பொய் எர்ரர் அது. பாவம், எத்தனையோ பேர் கிராபிக்ஸ் கார்டைத் திருப்பிக் கொடுத்து வேறு வாங்கினார்கள்.

ரீல்பெட்டி, உங்களிடம் ஒரு கேள்வி. ஜிப் ஃபைல் விரிக்கும்போது சிஆர்சி எர்ரர் (சரிபார்ப்பு எண் பொருந்தவில்லை என்பது), எக்ஸ்போர்ட் ஆன வீடியோவில் திடீர்க் கட்டங்கள், காரணமில்லாமல் புரோகிராம் மூடுவது, இப்படி ஏதாவது உண்டா?

ரீல்பெட்டி

ஒன்றுமே இல்லை அண்ணா. ஓடுகிறவரை சுத்தமாக ஓடும், அணைவது மட்டும்தான்.

சர்வர்அறை

சிங்கப்பூரில் டேட்டா சென்டரில் வேலை. ஓம்விதி கடைசியாகச் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். 2021ல் கூகுள் பொறியாளர்கள் எழுதியது ஞாபகம் இருக்கலாம், சில ஆயிரம் மெஷினுக்கு ஒரு சில கோர்கள் என்ற விகிதத்தில், எர்ரர் எதுவும் காட்டாமல் தப்பான விடை கொடுக்கும் கோர்களைப் பார்த்திருக்கிறார்கள். எல்லாமே சூட்டால் வந்தவை என்று சொல்லவில்லை, தயாரிப்புக் குறையும் முதுமையும் கலந்தது. ஆனால் அந்தத் தப்பு எப்போது வரும் என்பது வெப்பநிலை, வோல்டேஜ், வேகம் மூன்றையும் பொறுத்து மாறுகிறது. எங்களுக்கு அணைந்துபோகிற சர்வர் பெரிய தலைவலி இல்லை, தெரிந்துவிடும், கழற்றிவிடலாம். ஓடிக்கொண்டே தப்புக் கணக்குப் போடுவதுதான் வயிற்றில் புளியைக் கரைக்கும்.

மற்றபடி சூட்டைப் பார்த்து ரொம்பவும் நடுங்க வேண்டாம். சர்வருக்குள் போகிற காற்று 18இலிருந்து 27 டிகிரிவரை இருக்கலாம் என்பது ஆஷ்ரே என்ற குளிரூட்டல் பொறியாளர் அமைப்பின் பரிந்துரை. இங்கே சிங்கப்பூரில் மின்சாரத்தை மிச்சப்படுத்த 26க்கோ அதற்கு மேலேயோ ஏற்றுங்கள் என்று 2023ல் அரசே தரநிலை கொண்டுவந்தது. எங்கள் அறையில் அடிக்கடி மாற்றுவது ஃபேன், டிஸ்க், மெமரி, பவர் சப்ளை. பிராசஸர் எப்போதாவதுதான்.

கேள்விக்குறி

சரி, இப்படி மாற்றிக்கொள்கிறேன்: காவல் ஒழுங்காக இருக்கிற பிராசஸரைச் சூடு ஒரே நாளில் கொல்லாது. வோல்டேஜும் சூடும் சேர்ந்தால் வருஷக்கணக்கில் தேய்க்கும். இதற்கு மேல் இறங்கி வர மாட்டேன். 2023ல் ரைசன் 7800எக்ஸ்3டி சாக்கெட்டோடு கருகியதை யாராவது கொண்டுவருவதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன், அங்கே முதலில் தப்பு செய்தது போர்டு கொடுத்த எஸ்ஓசி வோல்டேஜ் (பிராசஸரில் கோர்களுக்கு வெளியே உள்ள பகுதிக்குப் போவது), ஏஎம்டி அதை 1.3 வோல்ட்டுக்குள் கட்டிப்போட்டது.

வடமராட்சியான்

ஒரே நாளில் கொல்லாது என்பது சரி, ஆனால் சூடாகி ஆறி, சூடாகி ஆறி வருகிறதை விட்டிட்டியள். லப்டொப் திருத்துகிற எங்களுக்கு அதுதான் பெரிய வருத்தம். சில்லும் அடியில் இருக்கிற பலகையும் ஒரே அளவில் விரியாது. நடுவில் இருக்கிற ஈயக் குமிழ் இழுபட்டு இழுபட்டு வெடிக்கும். 2008 இல் என்விடியா லப்டொப் கிராபிக்ஸ் சில்லுகளில் இந்த மாதிரிப் பழுது வந்து, அதுக்காக 150 முதல் 200 மில்லியன் டொலர் ஒதுக்கிவைத்தார்கள். அதுக்கு முதல் வருசம் எக்ஸ்பாக்ஸ் 360 கேம் மெஷினுக்குப் பழுதைக் காட்டும் சிவப்பு வளையம் எரிந்து, மைக்ரோசொஃப்ட் நூறு கோடி டொலருக்கு மேல் செலவழித்து வாரண்டியை மூன்று வருசம் ஆக்கினது. போர்டை ஓவனில் வைத்துச் சூடாக்கினால் சரியாகும் என்று சனம் செய்தார்கள், சில கிழமை ஓடும், திரும்பப் போய்விடும். சமையல் ஓவனை அதுக்குப் பாவிக்காதேங்கோ, அதில் பிறகு பாண் சுடுகிறதில்லையா?

ரீல்பெட்டி

எல்லாருக்கும் நன்றி. பயாஸில் 95 வாட் வைத்தேன், மாஸ்ஃபெட்டுகளுக்கு ஒரு 12 செமீ ஃபேனை ஸிப் டை போட்டு நேராகப் பார்க்கிற மாதிரிக் கட்டிவிட்டேன். மூடிய கேபினெட்டில் விஆர்எம் 84, பிராசஸர் 58. முன்பு 40 நிமிஷம் ஆகிற எக்ஸ்போர்ட் 45 ஆகிறது, அது பரவாயில்லை. கபாசிட்டருக்கு ஈரோட்டில் டிவி போர்டு சரிசெய்யும் ஒருவரைப் பிடித்திருக்கிறேன்.

கடைக்காரரிடம் லாக்கைக் காட்டினேன். "அப்ப போர்டு மாத்திடலாமே" என்றார்.

பழையஇரும்பு

ஹா! வியாபாரி.

கோவைமாணவி

இடையில் நுழைகிறேன், மன்னிக்கவும். என் லேப்டாப் கேம் ஆடினால் எப்போதும் 95 டிகிரி. வாங்கியதிலிருந்தே அப்படித்தான். இவ்வளவையும் படித்துவிட்டுப் பயமாக இருக்கிறது. பிராசஸர் தேய்ந்துவிடுமா? கூலிங் பேட் வாங்கட்டுமா?

ஓம்விதி

லேப்டாப்பில் 95 வழக்கமான ஒன்றுதான், அந்தச் சின்ன ஹீட்சிங்குக்கு அதற்கு மேல் வழியில்லை என்று தெரிந்தேதான் அப்படி ஓட விடுகிறார்கள். பிராசஸருக்காகக் கவலைப்பட வேண்டாம். வாங்கும்போது 80 இருந்து இப்போது 95 என்றால் ஃபேனுக்கும் ஹீட்சிங்க் தகடுகளுக்கும் நடுவே தூசி கம்பளித் துண்டு போலப் படிந்திருக்கும், கீழ்மூடியைத் திறந்து ஃபேனைக் கழற்றினால் அப்படியே உரித்து எடுக்கலாம். வெளியிலிருந்து ஊதினால் அது வராது. உங்களுக்கு முதல் நாளிலிருந்தே 95 என்பதால் அதுவும் அவசரமில்லை. கூலிங் பேடுக்குக் காசு போடுவதற்கு முன் பின்பக்கம் இரண்டு புத்தகம் வைத்துத் தூக்கிப் பாருங்கள், பாதி வேலை அதிலேயே முடியும். மெத்தைமேல் வைத்து ஆடாதீர்கள். விண்டோஸில் பவர் ஆப்ஷனுக்குள் மேக்ஸிமம் பிராசஸர் ஸ்டேட்டை 99 ஆக்கினால் பெரும்பாலான மெஷினில் டர்போ (பிராசஸரின் கூடுதல் வேகம்) நின்று சூடு சட்டென்று இறங்கும், சில கேமில் வேகமும் இறங்கும், உங்களுக்கு ஒத்துவருகிறதா பாருங்கள்.

உங்கள் லேப்டாப்பில் சூட்டுக்கு முதலில் பலியாவது பேட்டரி. நாள் முழுக்க சார்ஜரில் செருகி, 100 சதவீதத்திலேயே வைத்துக்கொண்டு சூடாக ஓட்டினால் லித்தியம் பேட்டரி சீக்கிரம் கிழடாகும். உங்கள் கம்பெனி மென்பொருளில் 80 சதவீதத்தில் நிறுத்தும் வசதி இருந்தால் போட்டுவிடுங்கள். டச்பேட் ஒரு பக்கம் மேலே எழும்பியிருந்தாலோ, அழுத்தினால் கிளிக் ஆகாவிட்டாலோ, அடியில் பேட்டரி உப்புகிறது. அப்போது சார்ஜ் போடாமல் அணைத்துவிட்டு பேட்டரியை மாற்றுங்கள், கேமெல்லாம் அப்புறம்.